கட்டைவிரலை எடுத்துவிட்டு எண்ணு

மகேசு,

காலையில் முகூர்த்தக்கால் ஊன்றிய கையோடு உன் அம்மா என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டாள். பந்தல்காரரிடம் நான் சொன்ன யோசனைகளில் ஒன்றுகூடத் தேறவில்லையாம். "செத்த நேரம் ஒரு பக்கமா உக்காருங்க, அதுவே பெரிய ஒத்தாச" என்றாள். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவனுக்கு இருக்கிற மரியாதை இவ்வளவுதான். நீ ரவிக்கை வாங்கத் தையல்கடைக்குப் போயிருக்கிறாய். நான் மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்னும் நான்கு நாளில் உனக்குக் கல்யாணம். அது முடிந்த பத்தாம் நாள், பழனிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நீ பி.டி. டீச்சராகச் சேர்கிறாய். இருபத்தெட்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிற கை இது. டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டதைத் தவிர நீளமாக எதையும் எழுதிப் பழக்கமில்லை. வரி கோணினால் சிரிக்காதே, அல்லது சிரித்துக்கொண்டே படி. மாப்பிள்ளையும் படிக்கட்டும், அவருக்கும் இதில் கொஞ்சம் வேலை இருக்கிறது.

கல்யாணமாகிப் போகிற மகளுக்கு என்ன சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்தேன். குடும்பம் நடத்துவதைப் பற்றி உன் அம்மா சொல்லிவிட்டாள், அதில் பாதி என்னைப் பற்றிய புகார். எனக்குத் தெரிந்து உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒரு மனிதனின் நாடித் துடிப்பை எப்படி எண்ணக் கூடாது என்பதுதான் அது. அதில் என்னை அடித்துக்கொள்ள இந்தத் திண்டுக்கல் ஜில்லாவில் ஆள் இல்லை. கதை உனக்குத் தெரியும். ஆனால் நான் என் வாயால் முழுசாகச் சொன்னதில்லை. உன் அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். இன்றைக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

நீ எட்டாம் வகுப்பில் ஓட ஆரம்பித்தாய். தினமும் பள்ளிக்குக் கடைசி மணியில் கிளம்பி, தெரு முனையிலிருந்து பள்ளி வாசல் வரை பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளை உங்கள் பி.டி. டீச்சர் ஒரு வாரம் பார்த்திருக்கிறார். திட்டுவார் என்று நீ பயந்துகொண்டிருந்தாய். அவரோ பையை வாங்கி வைத்துவிட்டு, "இப்ப ஓடிக் காட்டு" என்று சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அம்மா சந்தோஷப்பட்டாள், நான் அதைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டேன். சாணார்பட்டிப் பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனால்தான் யாரும் ஓடுவார்கள். காரணமே இல்லாமல் ஓடுகிற முதல் ஆள் நம் குடும்பத்தில் நீதான். எண்ணூறு மீட்டர் என்றால் மைதானத்தை எத்தனை சுற்று என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மூன்று தடவை கேட்டேன்.

சந்தோஷம் வந்தால் சும்மா இருக்க எனக்குத் தெரியாது. உனக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினேன். ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிற்றில் கலங்கும் என்று தண்ணீரை நிறுத்தினேன். உன் அம்மா எனக்குத் தெரியாமல் உப்புப் போட்ட நீர்மோரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி உன் பைக்குள் வைத்து அனுப்பினாள். இரண்டு பேரில் யார் சரியாகச் செய்தது என்று இப்போது நீயே படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறாய். முதல் சுற்றிலேயே எல்லாரையும் தாண்டு என்று ஓரத்தில் நின்று கத்தினேன். நீ தாண்டினாய். இரண்டாவது சுற்றின் பாதியில் வேலி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாய். "விடாத, விடாத" என்று அப்போதும் கத்திக்கொண்டிருந்தேன். மலையேறுகிற வண்டியை முதல் வளைவிலேயே மேல் கியரில் போட்டு மிதித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவன், பெற்ற பிள்ளையிடம் அதைத்தான் செய்தேன்.

அந்த நாளில் நான் சிறுமலை ரூட்டில் இருந்தேன். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வாழைக்கு உரமூட்டையும் ஆளும், இறங்கும்போது வாழைத்தாரும் ஆளும். எங்கள் வண்டியில் எஞ்சின் சூடு காட்டுகிற மீட்டர் ஒன்று இருந்தது, அதன் ஊசி நான் பார்த்த நாள் முதல் ஒரே இடத்தில் நின்றது. கிளம்பும்போதும் அங்கேதான், மலை உச்சியில் ரேடியேட்டர் கொதித்து ஆவி பறக்கும்போதும் அங்கேதான். அதைப் பார்த்து யாரும் வண்டி ஓட்டுவதில்லை. சத்தம் மாறுகிறதா, வாடை வருகிறதா, மிதிக்கு வண்டி பதில் சொல்கிறதா என்று பார்த்து ஓட்டுவோம். இதை ஏன் சொல்கிறேன் என்று கொஞ்சத்தில் புரியும்.

நீ ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம் டிப்போவில் டிரைவர்களுக்கு மருத்துவ முகாம் போட்டார்கள். அன்று எனக்கு விடுப்பு, ஆகவே யாரும் என்னைப் பரிசோதிக்கவில்லை. மறுநாள் போனபோது மிச்சம் கிடந்த துண்டுத்தாள் ஒன்று கையில் கிடைத்தது. நாடியைப் பிடித்துப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். இருநூற்று இருபதில் வயதைக் கழித்தால் வருவது இதயம் துடிக்கக்கூடிய உச்சம். ஓடி நின்ற பிறகு துடிப்பு சீக்கிரம் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அதில் இருந்தது. எந்த விரலால் பிடிக்க வேண்டும் என்று போட்டிருந்தார்களோ என்னவோ, தாளின் அந்த மூலை டீயில் நனைந்து கிழிந்திருந்தது. இவ்வளவு எளிமையான ஒரு மீட்டர் மனிதனுக்கு இருக்கிறதா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

மறுநாளே மைதானத்தில் உன் கையைப் பிடித்தேன். ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல் நான்கு விரல் அடியில், கட்டைவிரல் மேலே, நன்றாக அழுத்தி. ஓடுவதற்கு முன் தொண்ணூற்றி இரண்டு. எண்ணூறு மீட்டர் ஓடி வந்ததும் தொண்ணூற்றி ஆறு. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தொண்ணூற்றி இரண்டு. உன் முகம் செம்பருத்தியாகச் சிவந்திருக்கிறது, மூச்சு இரைக்கிறது, துடிப்பு மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இரண்டு வாரம் தினமும் பார்த்தேன், காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தேன். அதே கதை. "கை வலிக்குதுப்பா" என்று நீ சொன்னாய். "சும்மா இரு தாயி, இது முக்கியம்" என்றேன். பிள்ளைக்கு இதயத்தில் ஏதோ கோளாறு, அது ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காமல் அப்படியே நின்றுவிடுகிறது என்று முடிவு கட்டினேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பாள், கதை முடிந்திருக்கும்.

ஊசி அசையவில்லை என்றால் கோளாறு எஞ்சினில் இல்லை, மீட்டரில் என்பது லைசென்ஸ் எடுத்த எல்லா டிரைவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தினமும் அப்படி ஒரு ஊசியைப் பார்த்துக்கொண்டே பதினெட்டு வளைவு ஏறி இறங்கினேன். உன் கையைப் பிடித்த நேரத்தில் மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

மாவட்ட அளவிலான போட்டிக்கு உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் காலையில் மைதானத்து வேப்பமரத்தடியில் நீ கித்தான் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாய். கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று கையைப் பிடித்தேன். நூற்றுப் பதினாறு. இன்னும் ஓட ஆரம்பிக்கவே இல்லை, நூற்றுப் பதினாறு. உங்கள் பி.டி. டீச்சரிடம் போய், "எம்பிள்ள ஓடாதுங்க டீச்சர்" என்றேன். அவர் எவ்வளவோ கேட்டார். நான் காரணம் சொல்லவில்லை, சொன்னால் பொம்பளைப் பிள்ளைக்கு இதய நோய் என்று ஊரெல்லாம் பரவிவிடும் என்று பயம். நீ நாடாவை அவிழ்த்து, ஷூவைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு என் பின்னால் நடந்து வந்தாய். பின்னால் விசில் ஊதுகிற சத்தம் கேட்டது. அது உன் பந்தயம்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மகேசு, நான் என் ஆயுளில் செய்த தவறுகளில் அந்த ஐந்து நிமிட நடைதான் பெரியது. இத்தனை வருடமாக அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா விஷயத்தைக் கறந்துவிட்டாள். மறுநாள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் உள்ளே வருவதற்கு முன் ஒரு நர்ஸம்மா உன் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். அறுபத்தி இரண்டு என்று எழுதினார். நான் குறுக்கே பாய்ந்து, "இல்லீங்க, தொண்ணூத்தி ரெண்டு இருக்கும், நான் தினமும் பாக்குறேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எப்படிப் பாப்பீங்கண்ணே, புடிச்சுக் காட்டுங்க" என்றார். பிடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. "அண்ணே, கட்டைவெரல்லயே ஒரு துடிப்பு ஓடும். இம்புட்டு அமுக்கிப் புடிச்சா பிள்ளையோட நாடி அடங்கிப் போகும். நீங்க இத்தன நாளா உங்க துடிப்பத்தான் எண்ணியிருக்கீங்க" என்றார். பிறகு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, உன் கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் பூப்போல வைத்து, "இப்படி" என்று காட்டினார்.

டாக்டர் வந்து உனக்கு ஈ.சி.ஜி. எடுத்தார். ஒரு குறையும் இல்லை. ஓடிப் பழகிய இதயம் ஒரு துடிப்பில் நிறைய ரத்தத்தைத் தள்ளும், அதனால் சும்மா இருக்கும்போது அடிக்கடி துடிக்க வேண்டியதில்லை, அறுபத்தி இரண்டு என்பது நல்ல சேதி என்றார். நர்ஸம்மா அதற்குள் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டார். சும்மா உட்கார்ந்திருந்த எனக்குத் துடிப்பு தொண்ணூற்றி எட்டு. ரத்த அழுத்தம் எவ்வளவு என்று இங்கே எழுதவில்லை, உன் அம்மா இந்தக் கடிதத்தைப் படிக்காமல் விடமாட்டாள். "பிள்ள நல்லா இருக்கு. நீங்க உள்ள வாங்க" என்றார் டாக்டர். உனக்குச் சீட்டு வாங்கிப் போன இடத்தில் எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். உன் அம்மா பஸ் ஸ்டாண்டு வரை சிரித்தாள், பிறகு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். முந்தின நாள் காலையில் மைதானத்து மரத்தடியில் நூற்றுப் பதினாறு துடித்தது என் நெஞ்சு. பயந்தது நான், ஓடாமல் நின்றது நீ.

பதினோரு நாள் நீ என்னோடு பேசவில்லை. சாப்பாடு போடுவாய், தட்டை எடுப்பாய், பேச்சு மட்டும் இல்லை. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் நான் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்று, "நாளைக்குக் காலையில அஞ்சே முக்காலுக்குக் கெளம்பணும். மலைக்கோட்டைக்கு. டாக்டர் உங்கள நடக்கச் சொல்லியிருக்காரு" என்றாய். குரலில் கொஞ்சம்கூட இரக்கம் இல்லை. எனக்கோ ஒரு மூட்டை சந்தோஷத்தைத் தலையில் தூக்கி வைத்தது போல் இருந்தது.

முதல் நாள் நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். படிக்கட்டில் நம் டிப்போ ஆட்கள் இரண்டு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் மகளுக்குப் பின்னால் போவதா என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினேன். எத்தனை படி ஏறினேனோ தெரியாது, கோட்டைச் சுவர் இரண்டாகத் தெரிந்தது. காதுக்குள் செண்டை மேளம். அப்படியே பொத்தென்று உட்காரப் போனவனின் கையைப் பிடித்து, "உக்காராதீங்கப்பா. திடீர்னு நின்னா தல சுத்தும். மெதுவா நடங்க, அப்படியே நடங்க" என்று தட்டையான இடத்தில் மாட்டை நடத்துவது போல் சுற்றிச் சுற்றி நடத்தினாய். டிப்போ ஆள் ஒருவர் மேலேயிருந்து, "ஏலே, வண்டி கொதிச்சிருச்சா?" என்று கேட்டார். பேசக்கூட எனக்கு மூச்சு இல்லை. நெஞ்சு வலிக்கிறதா, கை இழுக்கிறதா என்று நீ கேட்டாய். இல்லை என்று தலையாட்டினேன். "வலி இருந்துச்சுன்னா இந்த எடத்துலயே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிரணும், பாத்துக்கலாம்னு மறைக்கக் கூடாது" என்றாய். பதினான்கு வயதுப் பிள்ளை.

அப்புறம் நீதான் அந்த வழியைக் கண்டுபிடித்தாய். டாக்டர் கொடுத்த மாத்திரை இதயத்தின் வேகத்தைக் கட்டிப்போடுகிற வகை, ஆகவே இருநூற்று இருபது கணக்கு எனக்கு ஒத்துவராது. அந்தக் கணக்கே ஊருக்குப் பொதுவாகப் போட்டது, ஆளுக்கு ஆள் கூடும் குறையும் என்று உன் டீச்சர் சொல்லியிருந்தார். வேறு எதை வைத்து அளவு பார்ப்பது? அப்போதுதான் நான் பழனி ரூட்டுக்கு மாறியிருந்தேன். "உங்க வண்டி நிக்கிற ஊரெல்லாம் வரிசையாச் சொல்லிக்கிட்டே ஏறுங்கப்பா. தெணறாமச் சொன்னா இந்த வேகம் சரி. தெணறுச்சுன்னா வேகத்தக் கொறைங்க. பாட்டே பாட முடியுதுன்னா நீங்க ஏமாத்துறீங்க" என்றாய். நான் ஆரம்பித்தேன்: திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம். அதோடு வண்டி பிரேக் டவுன். ஒட்டன்சத்திரத்துக்குப் போய்ச் சேர எனக்கு மூன்று வாரம் பிடித்தது. சத்திரப்பட்டி, ஆயக்குடி, பழனி என்று மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே மேலே கால் வைத்த காலையில், உச்சியில் நின்று நீ கைதட்டினாய். கீழே ஊர் முழுக்கப் புகையும் வெயிலுமாகக் கிடந்தது. காலையில் சும்மா இருக்கும்போது என் துடிப்பு எழுபத்தி நான்குக்கு வந்திருந்தது, இரண்டு விரலால் எண்ணியது.

அடுத்த வருடம் அதே போட்டிக்குப் போனாய். நான் வரலாம், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டாய். நின்றேன். முதல் சுற்றில் நீ ஐந்தாவதாக ஓடினாய். பக்கத்தில் நின்ற உன் அம்மா என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள், நான் கத்திவிடுவேனோ என்று. இரண்டாவது சுற்றில் ஒவ்வொருத்தியாகத் தாண்டி மூன்றாவதாக வந்தாய். கோட்டைத் தாண்டி வந்தவள் நேராக என்னிடம் வந்து, மணிக்கட்டைத் திருப்பி நீட்டி, "பாருங்க" என்றாய். இரண்டு விரல் வைத்தேன். பத்து விநாடியில் முப்பத்தி ஒன்று. குருவிக்குஞ்சைக் கையில் பிடித்தது போல் இருந்தது. உன்னை நடக்க வைத்துக்கொண்டே ஒரு நிமிடம் கழித்து எண்ணினேன், இருபத்தி நான்கு. இன்னும் இரண்டு நிமிடம் கழித்துப் பதினெட்டு. இறங்கிக்கொண்டே வந்தது, மகேசு. அந்த மெடலை உன் அம்மா கண்ணாடிக்குள் வைத்திருக்கிறாள். எனக்கு மெடல் அந்த மூன்று எண்கள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது எனக்குப் பெருமை. நீ பத்தாம் வகுப்புப் படித்தபோது ஒரு பந்தயத்துக்கு முந்தின நாள் காலை. படுக்கையிலிருந்து எழுந்ததும் எண்ணுவது அதற்குள் நம் வீட்டுப் பழக்கமாகியிருந்தது. எப்போதும் அறுபதை ஒட்டி இருக்கிறவளுக்கு அன்று எழுபத்தி ஆறு. மூன்று தடவை எண்ணினேன், விரலை மாற்றி மாற்றி வைத்தேன். காய்ச்சல் இல்லை, நீ நன்றாகத்தான் இருந்தாய். "தாயி, ஒடம்புக்குள்ள ஏதோ நடக்குது. இன்னைக்கும் நாளைக்கும் ஓட வேணாம்" என்றேன். ஒரு முறை பொய்யான கணக்கைக் காட்டி உன்னை மைதானத்திலிருந்து இழுத்து வந்தவன் நான். நீ, "எந்த வெரலு?" என்று மட்டும் கேட்டாய். காட்டினேன். போய்ப் படுத்துக்கொண்டாய். மறுநாள் உடம்பெல்லாம் அம்மை போட்டது. வேப்பிலைக்கு நடுவே படுத்துக்கொண்டு நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தக் கோலத்தில் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை விடு. அன்று நீ என்னை மறுபடி நம்பினாய், அதற்கு இன்றுவரை நான் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

இனி நீ ஊரார் பிள்ளைகளின் கையைப் பிடிக்கப் போகிறாய். அவர்கள் தோட்டத்தில் பூப்பறித்துவிட்டு, பழையதைக் குடித்துவிட்டு, சில பேர் அதையும் குடிக்காமல் வருவார்கள். வரிசையில் நிறுத்தி ஓடச் சொல்வதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேள். தண்ணீரைத் தடுக்காதே. தப்புச் செய்தவனை வெயிலில் பத்துச் சுற்று ஓடவிடுகிற வாத்தியார்களைப் பார்த்திருக்கிறேன், நீ ஓட்டத்தைத் தண்டனையாக ஆக்காதே, நம் வீட்டில் அது சந்தோஷத்துக்கு வந்தது. இன்றைக்கு முடியவில்லை டீச்சர் என்று ஒரு பெண் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு வந்தால் காரணம் கேட்டு நிற்க வைக்காதே. எவனாவது விழுந்து விழுந்து ஓடி முன்னால் வந்து காட்டினால் மெச்சிவிட்டு, அவன் மூச்சு எப்போது அடங்குகிறது என்று பார். உடம்புக்கு எல்லை இருக்கிறது, அது கல்லில் வெட்டியதும் இல்லை. ரெட்டியார்சத்திரத்தில் நின்றவன் பழனிக்குப் போனதை நீ பார்த்தாய். ஆனால் ஒரே நாளில் போகவில்லை. இன்றைக்கு எவ்வளவு தூரம் என்று உடம்பிடம் கேட்டு வைத்துக்கொள், நாளைக்கு ஒரு ஊர் தள்ளிப் போகலாம்.

எல்லாவற்றையும்விட, ஒரு பிள்ளைக்காக நீ பயந்தால், அந்தப் பயம் யாருடையது என்று முதலில் பார். உன் கட்டைவிரலில் துடிப்பதை அந்தப் பிள்ளையின் கணக்கில் எழுதிவிடாதே. நாளைக்கு உனக்கே ஒன்று பிறந்து அது மரம் ஏறும்போது இதை எடுத்துப் படி.

மாப்பிள்ளைக்கு இப்போது. ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு லேசாகத் தொப்பை விழ ஆரம்பித்திருக்கிறது, நிச்சயதார்த்தத்தன்றே கவனித்தேன். சம்பந்தி அம்மா, "ஏனுங்க, எங்க பையன் ராணி மாதிரி வச்சுக்குவானுங்க" என்றார். ராணி அந்தப் பையனைக் காலையில் ஐந்தே முக்காலுக்கு எழுப்பி நடத்துவாள் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. முதல் நாளே உன்னோடு போட்டி போட்டு ஏற வேண்டாம் என்று சொல். அனுபவஸ்தன் சொல்கிறேன், சுவர் இரண்டாகத் தெரியும். அவருக்கும் ஊர் வரிசை கொடு. அவர் வீடு பழனிக்கும் அந்தப் பக்கம் நெய்க்காரப்பட்டியில் இருப்பதால் எனக்கும் ஒரு ஊர் கூடிவிட்டது. இப்போது தினமும் மலைக்கோட்டையில் திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி, பழனி, நெய்க்காரப்பட்டி என்று சொல்லித்தான் ஏறுகிறேன். உன் வீடு வரை மூச்சு வருகிறது.

கீழே உன் அம்மா கூப்பிடுகிறாள், பந்தல்காரருக்கும் அவளுக்கும் ஏதோ தகராறு போலிருக்கிறது, இப்போது என் யோசனை தேவைப்படும். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். தாரை வார்க்கும்போது உன் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் நான் வைக்க வேண்டும். உன் அம்மா தண்ணீர் விடுவாள். கொஞ்ச நேரம் அதிகமாகப் பிடித்திருப்பேன், ஐயர் அவசரப்படுத்துவார், நீ பொறுத்துக்கொள். அன்று வேண்டுமென்றே கட்டைவிரலை வைத்துத்தான் பிடிப்பேன், பழைய மாதிரி அழுத்தி. எண்ண மாட்டேன். உன் மணிக்கட்டில் தடதடவென்று ஏதாவது துடித்தால் நீ பயந்துகொள்ளாதே, அது உன்னுடையது இல்லை. அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஊர் சொல்லுங்கப்பா என்று மட்டும் கேட்டுவிடாதே. அன்றைக்கு எனக்கு ரெட்டியார்சத்திரம்கூட வராது.

உன் அப்பா